ரதியின் கால்

2003 மாசிப் பௌர்ணமியன்று காலை ஆறு மணிக்கு வத்தளையில் புறப்பட்டேன். கொழும்புக் கோட்டையில் ஹட்டன் பஸ் பிடித்தேன். சமாதான காலம் என்பதால் வழியில் எங்கும் இறக்கிச் சோதிக்கவில்லை. அவிசாவளை தாண்டியதும் றப்பர் மரங்கள் தொடங்கின. இலையுதிர்ந்து, செம்பு நிறத்தில் புதுத் தளிர் விட்டிருந்தன.

பத்து மணிக்குத் தெஹியோவிட்டவில் இறங்கினேன். தோட்டம் அங்கிருந்து நான்கு கிலோமீற்றர், முழுக்க ஏற்றம். த்ரீவீல்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார்.

“யார் வீட்டுக்கு சேர்?”

“மேட்டு லயம், செல்லமுத்து வீடு.”

“அப்படி ஒருத்தரும் இல்லியே.”

“றப்பர்ப் பால் வெட்டுனவர். காமன் கூத்துல ரதி வேஷம் கட்டுவார்.”

“அட, ரதி மாமாவா! மொதல்லயே சொல்லக் கூடாதா? நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“அண்ணன்.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அவருக்கு அண்ணன் இருக்காரா?” என்றார்.

அவர் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. ஆசிரியர் வேலை கிடைத்துக் கொழும்புப் பக்கம் போனதும், புடவை கட்டி ஆடும் தம்பி எனக்கு வெட்கமாகிப் போனான். என் கலியாணத்துக்கு அவனை அழைக்கவில்லை. என் மனைவி இன்றுவரை அவனைப் பார்த்ததில்லை. நானும் முப்பது வருடத்துக்கு மேலாகப் பார்க்கவில்லை. அவன் வேஷம் கட்டுவது இதுவே கடைசி வருடம் என்று அவன் மகள் தங்கம் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். ஆட்டத்தைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, மாலையே திரும்ப நினைத்திருந்தேன். கண் சத்திரசிகிச்சை முடிந்த மனைவி வீட்டில் தனியே இருந்தாள்.

தங்கம் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

“அப்பாகூடப் பேச முடியாதுங்க பெரியப்பா. காப்புக் கட்டியாச்சு. ராத்திரி காமனை எரிச்சு, காப்பு அவுக்குற வரைக்கும் அவரு ரதி. நாங்களே பேசுறதில்ல. இருந்துட்டு விடிஞ்சு போங்களேன்.”

“முடியாதும்மா. வீட்டுல ஆளில்ல.”

மூன்று மணிக்குத் தப்பு மேளச் சத்தம் லயத்து வீட்டு வரிசையை நோக்கி ஏறி வந்தது. முன்னே மதன், பின்னே ரதி. முகம் மறையும்படி அரிதாரம், சரிகைப் புடவை, கை நிறைய வளையல். என்னையறியாமல், “தம்பி!” என்று கூப்பிட்டுவிட்டேன்.

தப்பு நின்றது.

“கொழும்பு ஐயாவுக்குக் கண்ணு தெரியல!” என்றாள் ஒரு பெண். லயம் சிரித்தது. “தம்பியாம்! அம்மான்னு கும்பிடுங்க ஐயா!”

தங்கம் மஞ்சள் தண்ணீர்ச் செம்பை என் கையில் தந்தாள். “வீட்டுக்கு மூத்தவங்கதான் கால் கழுவணும். நீங்கதானே மூத்தவங்க.”

குனிந்தேன். குதிகால் முழுக்க வெடிப்பு. அட்டை கடித்த தழும்புகள். வலது சுண்டுவிரல் உட்புறம் மடிந்திருந்தது. கழுவிவிட்டு நிமிர்ந்தேன். எல்லாருக்கும் வைத்தது போலவே எனக்கும் ரதி திருநீறு வைத்தாள்.

பிறகு ஆட்டம். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகும் மதனை, போகாதே என்று ரதி தடுக்கும் கட்டம் அது. அறுபதைத் தாண்டிய ஆண் ஆடுகிறான் என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துபோயிற்று. கை நீளும்; தொடுவதற்குள் நின்றுவிடும்; மடங்கி நெஞ்சுக்கு வரும். அவ்வளவுதான் செய்தாள். இத்தனை வருடம் நான் வெட்கப்பட்டது இதற்காகவா? கண்ணைத் துடைத்தேன், கண்ணீர் நிற்கவில்லை. அந்தக் கை ஒரு தடவை என் பக்கம் திரும்பாதா என்று ஏங்கினேன். திரும்பவில்லை. ரதிக்கு மதனைத் தவிர வேறு யாரும் தெரியவில்லை.

அடுத்த வீட்டுக்குப் போனார்கள். நான் இறக்கத்தில் நடந்தேன். தப்புச் சத்தம் பெரிய வீதிவரை கேட்டது. பஸ்ஸில் கூட்டமில்லை. விரல் நகங்களில் மஞ்சள் இருந்தது. கழுவ மனம் வரவில்லை.

மனைவி கண்ணில் கட்டோடு விழித்திருந்தாள்.

“தம்பியிடம் பேசினீங்களா?”

“இல்லை.”

“பார்க்க உங்களை மாதிரியா?”

“முகம் தெரியவில்லை,” என்றேன். “கால் எங்கள் அப்பாவுடையது.”