வருட வாரியாக

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எங்கள் கொல்லிமலையிலேயே ஓர் அரசு அலுவலகத்தின் ரிக்கார்டு ரூமில் தற்காலிக வேலை கிடைத்தபோது, படித்த படிப்பு நம் சனத்துக்கு உதவப்போகிறது என்று நிஜமாகவே நம்பினேன்.

மூட்டையாகக் கிடந்த பழைய நிலக் கோப்புகளை ஒரு மழைக்காலம் முழுக்க அடுக்கினேன். பனி ஜன்னல் வழியாகவே உள்ளே வந்துவிடும் ஊர் இது. ஒட்டிக்கொண்ட தாள்களை ஊதி ஊதித்தான் பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் நாடு வாரியாகக் கட்டினேன். மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

கீழேயிருந்து மாற்றலாகி வந்த சூப்பிரண்டு, நான் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்துப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ரூமுக்குள்ள இத்தன நாடு வெச்சிருக்கறயே, உள்ள போகோணும்னா பாஸ்போர்ட் எடுக்கோணுமா?"

அலுவலகமே சிரித்தது. இங்குள்ளவர்களுக்கு வருடம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். தெரிந்துகொள்ளட்டும் என்றார். கட்டுகளைப் பிரித்து வருட வாரியாக மாற்றினோம்.

அடுத்த மாதமே அரியூர் நாட்டிலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருடைய அப்பா பேருக்கு வந்த நில உத்தரவின் நகல் வேண்டும். பங்காளியோடு தகராறு, நாமக்கல்லில் விசாரணை, காகிதம் காட்டாவிட்டால் நிலம் போய்விடும். எந்த வருடம் என்று சூப்பிரண்டு கேட்டார்.

"மொளகுக்கொடி பூராவும் நோவு வந்து பட்டுப்போச்சுங்களே, அந்த வருசங்க."

"அதக் கம்ப்யூட்டர்ல அடிச்சா வருமாய்யா?"

மறுபடியும் சிரிப்பு. விவசாயியும் மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மிளகு பட்டுப்போன வருடத்தை எங்கள் ஊரில் விசாரித்து, அந்தக் கட்டையும் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததையும் பிரித்துத் தேடினேன். கிடைக்கவில்லை. விசாரணைக்கு வெறுங்கையோடு போனார். தீர்ப்பு பங்காளி பக்கம் ஆனது.

கோப்பு பிறகு அகப்பட்டது. மிளகு பட்ட வருடம் வந்தது உத்தரவுதான்; மனு கொடுத்தது அதற்கு நாலு வருடம் முன்னால். யாரோ மனுவின் தேதியைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். சூப்பிரண்டிடம் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தயா, நம்மாபீஸ்ல ஒரு காயிதம் தொலையாது. கூப்பிட்டுக் குடுத்துடு."

போன் செய்தேன். அந்த நிலத்தில் பங்காளி மரவள்ளி நட்டாயிற்று என்றார் விவசாயி. குரலில் கோபமே இல்லை.

"இனி அத வெச்சு நா என்ன பண்றதுங்க. உங்ககிட்டயே பத்தரமா இருக்கட்டும் சாமி."