எதிர்ப்பு சக்தி வேண்டாம் சாமி!

போன மாதம் தியாகதுருகம் தாண்டி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். தங்கை கலாவிடமிருந்து போன். “அவர மறுபடியும் மெட்ராஸ் ஆஸ்பத்திரில சேத்துக்கீதுண்ணா…” அதற்குமேல் அழுகை. பாதி வழியில் இறங்கி, சென்னை பஸ் பிடித்தேன்.

‘அவர்’ அவள் கணவர் குமரேசன். வடக்கனந்தலில் மரவள்ளி போடுகிறவர். முன்பு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. ஆனால் அதை விரட்டக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புப் படை ஓயவில்லை — இதயத்தையே தாக்கிப் பழுதாக்கிவிட்டது. முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் பெரிய மனசால் மூளைச்சாவு அடைந்த அவர்கள் பிள்ளையின் இதயம் இவருக்கு மாற்று இதயமாகக் கிடைத்தது.

அந்த இதயத்தையும் உடம்பு அந்நியனாகத்தானே பார்க்கும்? அதனால் எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்க ஆயுள் முழுக்க மாத்திரை. டாக்டர் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்.

நம்மவர்கள் விடுவார்களா? குமரேசனின் அண்ணன், கல்வராயன் மலைக்குப் போய் யாரிடமோ லேகியம் வாங்கி வந்தார்.

“இன்னாடா அநியாயம்! கீற சக்தியக் கம்மி பண்ண மாத்திரயா? இதத் தின்னு, ஜாஸ்தியாவும்.”

“வேணாங்க மாமா, டாக்டர் கண்டிச்சி சொல்லிக்கீறாரு” என்றாள் கலா.

“மலையில வெளையறது இன்னாம்மா பண்ணிடும்?”

கலா அந்தப் பக்கம் போனதும், ஒரு உருண்டை உள்ளே போனது. தினமும் போனது. கொஞ்ச நாளில் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது.

ஆஸ்பத்திரியில் இதயத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு, வந்த இதயத்தைத் தாக்கத் தொடங்கியிருந்தது. ரத்தத்தில் மாத்திரையின் அளவும் இறங்கியிருந்தது.

“வேற என்ன சாப்பிட்டீங்க?” என்றார் டாக்டர். குமரேசன் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு லேகியத்தைப் பற்றிச் சொன்னார்.

“அதுல என்ன கலந்திருக்குன்னு தெரியாது. ஆனா சில மூலிகை இந்த மாத்திரையோட வேலையைக் கெடுக்கும். சிலது எதிர்ப்பு சக்தியையே தூண்டிவிடும். எதுக்குங்க இந்த விளையாட்டு?” என்றார் டாக்டர்.

நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். அந்த நாட்களில் நாங்கள் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒருவழியாகத் தாக்குதல் அடங்கியது. மூச்சு சீரானது.

இனி கேட்கலாம் என்று கேட்டேன்: “தெரிஞ்சே ஏன் மாப்ள தின்னீங்க?”

“வேணாம்னா அண்ணன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் மச்சான்…”

தலையிலடித்துக்கொள்வதா, அழுவதா? கலா எழுந்து வந்தாள்.

“அவரு மனசு கஷ்டப்படும். சரிங்க. புள்ளயப் பறிகுடுத்துட்டு ஒங்களுக்கு இதயம் குடுத்தாங்களே, அவங்க மனசு?”

குமரேசன் நெஞ்சின்மேல் கை வைத்தபடி வெகுநேரம் அழுதார்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் ஏதோ கஷாயத்தோடு வந்தார். குமரேசன் கைகூப்பினார். “வேணாண்ணா. எடுத்துக்கினு போய்டுங்க.”

அண்ணன் முகம் வாடிப்போனது.

வாடட்டும் சார், நன்றாக வாடட்டும்!