ஏனாம் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்த கதை

கவர்மெண்ட் வேலை வந்தும் போகாதவள் என்று பண்டசோழநல்லூரில் என்னைக் காட்டிச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். மீதியை நானே எழுதிவிடுகிறேன்.

ஒரே மாதத்தில் எனக்கு இரண்டு அரசு வேலைகள் வந்தன. ஒன்று மத்திய அரசு வேலை, சென்னையில். இன்னொன்று புதுச்சேரி அரசில் இளநிலை எழுத்தர். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது, மகளுக்கு நான்கு. ஏற்கெனவே கையில் ஒரு வேலையும் இருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை, வீட்டிலிருந்தபடியே. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஆறுக்கு எழுந்திருப்பேன். நெட் போனால் மாற்றிக்கொள்ள இரண்டு இணைப்பு, கரண்ட் போனால் ஓட ஒரு இன்வெர்ட்டர். மீட்டிங் இருந்தால் நைட்டிக்கு மேல் ஒரு நல்ல சட்டை.

தெருவுக்கு இதெல்லாம் வேலையே இல்லை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா சன்னல் வழியாகக் குரல் கொடுப்பாள்.

"இன்னாடி, சும்மாதான கீற? ரேஷன்ல சர்க்கர போடறானாம். என் கார்டையும் எடுத்துக்கினு போயேன்."

"வேலையில கீறன்க்கா."

"ஆமா, பெரிய வேல. உக்காந்துக்கினே பேசறதுக்குப் பேரு வேலயா?"

அப்புறம் எதற்குப் பரீட்சை எழுதினாய் என்று கேட்கலாம். பயத்தில் எழுதினேன். கம்பெனி வேலை என்றைக்கு இருக்கும், என்றைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? மகளை மடியில் போட்டுக்கொண்டு படித்தேன். இரண்டு பரீட்சையும் பாஸ். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

சென்னை ஆர்டர் முதலில் வந்தது. அங்கே குடிபோக முடியாது. என் கணவருக்குத் திருபுவனையில் பாக்டரி வேலை, ஷிப்ட். சரி, தினமும் போய் வர முடியுமா என்று ஒரு நாள் லீவு போட்டு நானே போய்ப் பார்த்தேன். நாலரை மணிக்கு ஸ்கூட்டரை எடுத்து வில்லியனூர் ஸ்டேஷனில் போட்டுவிட்டு ரயில் ஏறினேன். அந்த ஆபீஸ் வாசலைத் தொடும்போது மணி பத்து. கேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினேன். சாயங்கால வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் வருடக்கணக்காக இப்படிப் போய் வருகிறவர். பூ தொடுத்துக்கொண்டே சொன்னார்.

"பதினாலு வருஷமா வரேம்மா. எம்புள்ளைங்க வளந்தத ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பாத்தேன்."

அவர் அழவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வீட்டுக்கு வந்தபோது மகள் தூங்கிவிட்டிருந்தாள். சென்னை வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு. அதற்காக யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் இன்னொன்றுக்குத்தான் காத்திருந்தார்கள்.

புதுச்சேரி ஆர்டர் தபாலில் வந்த அன்று தெருவே வந்துவிட்டது. எங்கள் தெருவில் என் அம்மா காலம்வரை பெண்கள் எல்லோரும் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள். அரசு ஆபீசில் மேசை போட்டு உட்கார்ந்தவர் யாரும் இல்லை. அதனால் அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கடிதத்தை முழுசாகப் படிப்பதற்குள் பஸ் ஸ்டாப்பில் பேனர் ஏறிவிட்டது. அரசுப் பணியில் அடியெடுத்து வைக்கும் அன்புச் சகோதரியாம். படம் என் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது. என் தோளில் என் கணவருடைய நாலு விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

சாயங்காலம் அவர்தான் இரண்டாம் பக்கத்தைப் படித்தார்.

"இன்னாடி இது, ஏனாம்னு போட்டுகீது?"

"எங்க?"

"பணியிடம்: ஏனாம்."

புதுச்சேரி என்பது ஒரே ஊர் இல்லை. இங்கே கொஞ்சம், காரைக்காலில் கொஞ்சம், கேரளாவுக்குள் மாஹே, ஆந்திராவுக்குள் கோதாவரி பக்கம் ஏனாம். நாலும் ஒரே அரசாங்கம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் பாண்டி கவர்மெண்ட் வேலை என்றால் எங்களுக்கு நெட்டப்பாக்கத்தில் பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் இறங்குகிற ஆபீஸ் என்றுதான் நினைப்பு. விண்ணப்பத்தில் 'எந்தப் பகுதியிலும் பணியாற்றச் சம்மதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டேன். என்னோடு எழுதிய எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். போடுகிறபோது ஒருத்திக்கும் ஏனாம் ஞாபகம் வரவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

சேர முப்பது நாள் கெடு. மறுநாள் சித்தப்பா வந்தார். கட்சியில் இருக்கிறவர், ஆபீஸ் ஆபீசாகப் போய் வருகிறவர்.

"இதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? போயி ஜாயின் பண்ணு. ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கினு இரு. அப்பறம் சர்வீஸ் பிளேஸ்மென்ட் போட்டு இங்க இஸ்துக்கலாம். பேரு அங்க கெடக்கும், நீ இங்க கெட. நான் ஒரு வார்த்த சொன்னா போதும்."

"அப்ப அங்க வேலய யாரு செய்வா சித்தப்பா?"

"அது இன்னாத்துக்கு ஒனக்கு? நீ இன்னா ஏனாமுக்கா பொறந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பேர் ஏனாமில், உடம்பு பாண்டியில், மகள் வீட்டில். நாலு நாள் அந்த நினைப்பிலேயே இருந்தேன்.

ஐந்தாம் நாள், சேரும்போது என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்க ஆர்டரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். தெலுங்கில் யாராவது எடுப்பார்கள் என்று பயந்துகொண்டே போட்டேன். எடுத்தவர் எங்கள் பக்கத்து ஆள்.

"பண்டசோழநல்லூரா? அட, நான் பாகூரும்மா! வாங்க வாங்க. வந்து கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க."

"இன்னா சார், வர்றதுக்கு முன்னாடியே கெளம்புன்றீங்க?"

"எல்லாரும் அப்படித்தாம்மா. இந்த ஆபீசுக்குப் புதுசா வர்றதுல நீங்க அஞ்சாவது ஆளு. முன்னாடி வந்த நாலு பேரும் இப்ப பாண்டிலதான் கீறாங்க. சேருக்கு மேல போட்ட பிளாஸ்டிக் கவரக் கூட ஒருத்தரும் பிரிக்கல."

"அப்ப வேல?"

"நான்தான் பாக்கறேன். என்தும் சேத்து அஞ்சு பேரு வேல. ஜனங்க ஒரு பேப்பருக்கு மூணு தபா நடக்குது. என்னாண்டதான் கத்துவாங்க. இப்ப தெலுங்குல திட்டுனா கூட நல்லா புரியுது."

"நீங்க இங்க வந்துடக் கூடாதா சார்?"

"ஒரு இடத்துல நாலு பேர அனுப்பிட்டா அஞ்சாவது ஆள வுடுவாங்களா? எனக்காக ஒரு வார்த்த சொல்றதுக்கும் ஆளில்ல. பதினோரு வருஷம் ஆச்சு. அம்மா மட்டும் பாகூர்ல தனியா கீது. இருக்கட்டும், நீங்க சான்றிதழ் எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். போனை வைத்தபிறகு எனக்கு வந்த கோபம் சித்தப்பா மேலா, அந்த நாலு பேர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. நாலு நாளாக நான் கனவு கண்டுகொண்டிருந்த வசதி அந்த மனுஷர் முதுகில் உட்காருகிற வசதி. அவர் அதற்கும் வாங்க வாங்க என்கிறார்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன்.

"போனா நெசமாவே போயி வேல செய்யணும். இல்லனா போவக் கூடாது. சித்தப்பா கத எனக்கு வேணாம்."

அவர், "நெசமாவே போறதுனா போ. பாப்பாவ கூட்டிக்கினு போ. நான் பாக்டரிய வுட்டு வர முடியாது, லீவுக்கு லீவு வரேன்" என்றார். தடுக்கவில்லை. தடுத்திருந்தால் வீம்புக்காவது கிளம்பியிருப்பேன்.

மூன்று நாள் யோசித்தேன். ஒருவேளை நெசமாவே ஏனாமில் குடியேறலாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் துள்ளி எழுந்தார்.

"ஏனாமா? புள்ளைய தெலுங்கு பள்ளிக்கொடத்துல போடப் போறியா? ஒனக்கு இன்னா தலவிதி? அதான் சித்தப்பன் பாத்துக்கறேன்றான் இல்ல?"

அரசாங்க வேலை வேண்டும், அந்த வேலை இருக்கிற ஊர் மட்டும் வேண்டாம். அப்பாவுக்கு மட்டுமில்லை, என்னை வாழ்த்திய அத்தனை பேருக்கும் அதுதான். எனக்கும் ஏனாம் வேண்டாம். என் வீடு இங்கே இருக்கிறது, கணவர் இங்கே, மகள் நடக்கப் பழகிய தெரு இங்கே. வேண்டாம் என்பதில் எனக்கு வெட்கமில்லை. வேண்டாத ஊரின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தால்தான் வெட்கம். போகமாட்டேன், சேரவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைப் பேச்சு என்று சொல்ல முடியாது. சித்தப்பா வாசலிலேயே நின்று கத்திவிட்டுப் போனார். அவர் கத்தியது எனக்கு உறைக்கவில்லை. அப்பா கத்தாமல் சொன்னதுதான் உறைத்தது. அவர் மில்லில் வேலை செய்தவர். ஒரு நாள் காலையில் போனபோது கேட் பூட்டியிருந்தது, அதோடு சரி.

"ஒங் கம்பெனிக்காரன் ஒரு மெயில் போட்டான்னா நீ தெருவுல. எனக்காவது பூட்டப் பாக்க ஒரு கேட்டு இருந்துது. ஒனக்கு அது கூட கெடையாது."

உண்மைதான். இன்றைக்கும் உண்மைதான். இப்போது அந்தக் கம்பெனி மாதத்தில் இரண்டு நாள் சென்னைக்கு வரச்சொல்கிறது. நாளை இருபது நாள் என்பான், மறுநாள் வராதே என்பான். தெரிந்துதான் இருக்கிறேன்.

அப்பா அதோடு விடவில்லை.

"நம்ம தெருவுல மொத மொத ஒனக்குத்தான் வந்துகீது. அத்தத் தூக்கிப் போடறியே. ஒனக்குக் கெடச்ச எடத்துல வேற ஒரு பொண்ணு போயிருக்கும்."

"இப்ப போவும்பா. வெயிட்டிங் லிஸ்ட்ல கீறதும் நம்மள மாதிரி ஒரு பொண்ணுதான். நான் சேந்துட்டா அதுக்குக் கெடைக்காது. ஏனாம்காரனுக்கும் ஆள் கெடைக்காது. வெத்தா ஒரு பேரு மட்டும் அங்க ஒக்காந்துகினு இருக்கும்."

"அந்தப் பொண்ணு மட்டும் ஏனாம்ல போயி குந்திக்குமா?"

"அது அதோட மனசாட்சி. நான் என்னோடதுக்குத்தான பதில் சொல்ல முடியும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை.

கெடு முடிய எட்டு நாள் இருந்தது. அரை நாள் லீவு போட்டுப் பாண்டியில் ஆர்டர் அனுப்பிய துறையின் ஆபீசுக்குப் போனேன். கையில் நானே எழுதிய கடிதமும் ஒரு நகலும். அங்கே செக்‌ஷனில் இருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். வாங்கிப் பார்த்தார்.

"ராஜினாமாவாம்மா?"

"சேரவே இல்ல சார். வேணாம்னு எழுதிக் குடுக்க வந்தேன்."

"அதுக்கு இம்மாந்தூரம் வருவாங்களா யாராவது? சும்மா வுட்டா தானா கேன்சல் ஆயிடும்."

"எத்தினி நாள்ல?"

"ஆவும். நோட்டீஸ் போடணும், பதில் வரலன்னு எழுதணும், பைல் மேல போவணும். ஆறு மாசம், எட்டு மாசம்."

"அதுவரைக்கும் அடுத்த ஆளு காத்துக்கினு கெடக்கணுமா? இன்னைக்கே எடுத்துக்குங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடிதம் இரண்டே வரி. ஏனாமில் குடியிருந்து வேலை செய்ய என்னால் இயலாது என்பது முதல் வரி. ஏனாமில் பெயரை வைத்துக்கொண்டு புதுச்சேரியில் இருந்தபடி சம்பளம் வாங்க எனக்கு விருப்பமில்லை என்பது இரண்டாம் வரி.

"மொத வரி போதும்மா. ரெண்டாவது எதுக்கு?"

"ரெண்டாவது வரிக்காகத்தான் சார் லீவு போட்டு வந்தேன்."

"சொந்தக் காரணம்னு போடுங்க. மேல படிக்கிறவங்க ஒரு மாதிரி நெனப்பாங்க."

"நெனைக்கட்டும் சார்."

அவர் பக்கத்து மேசைகளை ஒரு முறை பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"எம்பேரே காரைக்கால்லதாம்மா கீது. ஏழு வருஷமா."

எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்கவேண்டுமோ என்னவோ.

"அப்ப இந்த வரி ஒங்களுக்கு நல்லாவே புரியும். சீல் போடுங்க சார்."

அவர் பேனா இருக்கிறதா என்று மேசையில் தேடினார். இரண்டாம் வரியை அடித்துவிட்டுத் திருப்பி எழுதச் சொல்லப் போகிறார் என்று புரிந்தது. என் பேனாவைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். சீல் போடாமல் போகமாட்டேன் என்று எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். மூன்றாவது ஆள் வந்து "இன்னா சார், லேட்டாவுமா?" என்று கேட்டபிறகு சீலை எடுத்தார். கடிதத்தில் ஒன்று, நகலில் ஒன்று. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். நகலில் இரண்டு வரியும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.