திரும்பி வந்த இருபது பெட்டிகள்

ரப்பர் மரப் பலகையை அறுத்தவுடன் எழும் புளித்த வாசனையும், அதன்மேல் தகரத் தகட்டை வைத்து எழுத்தடிக்கும் கறுப்புப் பெயின்டின் நெடியும் சேர்ந்தால், நான் ஏழாம் வகுப்பு படித்த ஆண்டின் ஐப்பசியில் ஒரே ஒரு வாரம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரான கணபதியில், வீட்டை ஒட்டிய பட்டறையில் இரண்டு லேத்துகளை வைத்து, அடுத்தவர்களுக்குக் கூலிக்கு இரும்புப் பாகங்கள் கடைந்து கொடுத்துவந்த அப்பாவுக்கு, தன் பெயரிலேயே பம்புகள் செய்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் ஆர்டர் முதன்முதலாகக் கிடைத்திருந்தது. இருபது பெட்டிகள். சனிக்கிழமை நண்பகல் கொச்சியில் கப்பல். இது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இனிக் கூலி வேலை இல்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

கடல் இல்லாத ஊர் எங்களுடையது. எதைச் செய்தாலும் அதை மலைக் கணவாய் வழியாக அடுத்த மாநிலத்துக்குள் இறக்கினால்தான் தண்ணீரைப் பார்க்கும். துடியலூரில் இரண்டு லாரி வைத்திருந்த பழனிச்சாமி அண்ணன் திங்கட்கிழமை வந்து பெட்டிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எப்ப ஏத்தோணுமுங்க?" என்றார்.

"சனிக்கெழம கப்பலுங்க. ஆனா ஒண்ணும் அவசரமில்லீங்க, உங்க தோதுப்படி அனுப்புங்க," என்றார் அப்பா.

இந்தப் பின்பாதி எங்கள் பக்கத்து மரியாதை. யாரையும் எதற்கும் நெருக்கக்கூடாது. கேட்பவர் அதைக் கழித்துக்கொண்டு முன்பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். பழனிச்சாமி அண்ணன் கழிக்கவில்லை. அவருக்கும் காரணம் இருந்தது. பெட்டிகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பினால் டீசலுக்கே கட்டாது என்பதால், கொச்சியிலிருந்து "ரிட்டர்ன் லோடு" உறுதியாகும்வரை அவர் வண்டியை எடுப்பதில்லை.

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை அம்மாவின் வற்புறுத்தலில் அப்பா சைக்கிளை மிதித்துத் துடியலூர் போய்விட்டு வந்தார்.

"கேட்டீங்களா?" என்றாள் அம்மா.

"டீ வாங்கிக் குடுத்தாரு அம்மணி. எப்படிக் கேக்கறது?"

"கப்பலுக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்து நிக்கச் சொல்லுங்க."

வியாழன் பிற்பகல் வண்டி வந்தது. கொச்சியில் கழிவுக் காகித லோடு கிடைத்துவிட்டதாம். ஆறு மணி நேர ஓட்டம்தானே, ஒரு நாள் மிச்சம் என்று அப்பா கூட்டிக்கழித்துப் பார்த்துச் சிரித்தார். மாநில எல்லைச் சோதனைச்சாவடியின் வரிசையை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. வண்டி அங்கே வெள்ளி முழுவதும் நின்று, சனிக்கிழமை காலையில்தான் நகர்ந்து, மாலை துறைமுகம் போய்ச் சேர்ந்தது. கப்பல் நண்பகலிலேயே போய்விட்டிருந்தது. அடுத்த கப்பல் மூன்று வாரம் கழித்து என்றதும், வாங்குபவர் வேண்டாமென்று தந்தி அடித்துவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அதே லாரி எங்கள் சந்துக்குள் பின்வாக்கில் நுழைந்தது. வேறு சரக்கு எதையும் ஏற்றாமல், துறைமுகக் கிடங்கில் கிடந்த எங்கள் இருபது பெட்டிகளை மட்டும் பழனிச்சாமி அண்ணன் கொண்டுவந்திருந்தார். வாடகை கேட்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"ரிட்டர்ன் லோடு வேணும்னுதானுங்கண்ணா நின்னேன். கடைசில இதுதானுங்க கெடச்சுது. நீங்க ஒரு வார்த்த அதட்டியிருந்தா, காலியாவே திரும்பியிருப்பனுங்களே!"

"பரவாயில்லீங்க," என்றார் அப்பா. "உள்ள வாங்க."

எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் அம்மா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

பம்புகள் வாங்கவிருந்தவர் நாட்டு அளவுக்குக் கடைந்தவை என்பதால் இங்கே யாருக்கும் பொருந்தவில்லை. எடைக்குப் போடப்பட்டு, மீண்டும் உலைக்கே போயின. தை பிறப்பதற்குள், இரும்புக்கு வாங்கிய கடனை அடைக்க லேத்துகளை விற்றுவிட்டு அப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போனார். ஓய்வு பெறும்வரை போனார்.

நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு அந்த வாரத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. திங்கள் முதல் சனிவரை கணக்கிட்டுப் பார்த்தால், வண்டி ஓடியது கால் நாள். மீதியெல்லாம் நின்ற நேரம்தான். இன்று எல்லையில் அந்த வரிசை இல்லை. வண்டி எங்கே போகிறது என்பது கைபேசியில் தெரிகிறது. ரிட்டர்ன் லோடுகூட அதிலேயே கிடைத்துவிடுகிறது. பட்டறை இருந்த இடத்தில் கைபேசிக் கடை இருக்கிறது. அதன் கண்ணாடி அலமாரியில் தொங்கும் சார்ஜர்கள், உறைகள் எல்லாமே கடல் தாண்டி, அதே கணவாய் வழியாக, ஒரு தடங்கலும் இல்லாமல் வந்து சேர்ந்தவை.