சாம்பிராணிக் கரி

சின்னையனை வேலையிலிருந்து விரட்டிவிட்டார்கள் என்று சிங்கப்பெருமாள் கோயில் குழாயடியில் பேசுகிறார்களே, அந்த மகராசிகளில் ஒருத்தியாவது அன்று கூட நின்று பார்த்தாளா? யாரும் விரட்டவில்லை. அவனாகத்தான் வந்தான்.

ஏ.சி. காற்று போகும் தகரக் குழாய்களுக்குள் தலையை நுழைத்துத் தூசி எடுப்பது அவன் தொழில். இரண்டாயிரத்து நாலில், மாமல்லபுரம் போகும் வழியில் கடலைப் பார்த்த பங்களா ஒன்றுக்கு அவனை அனுப்பினார்கள். வீட்டுக்காரர் தேசிகன் மகா சுத்தக்காரர். வேலையாட்களைக் கொல்லைப்புறமாகத்தான் உள்ளே விடுவார். ஆனால் வீடு முழுக்க ஓயாத இருமல்.

குழாயைத் திறந்தால் தூசி இல்லை, அப்பிய கரி. வெள்ளிதோறும் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஏ.சி. காற்றை உள்ளிழுக்கும் சல்லடைக்கு அடியிலேயே சாம்பிராணித் தட்டை வைப்பார்களாம். எல்லா அறைக்கும் மணம் தானாகப் போய்விடுமே, அவ்வளவு சாமர்த்தியம்.

"சார், இருமலுக்கு இந்தப் பொகதான் காரணம். தட்ட அப்பால வச்சிடுங்க."

"சாமி புகையில வியாதி வருமா? உனக்கு என்னப்பா தெரியும்?" தேசிகன் முகம் சிவந்தது.

கூட வந்திருந்த மேஸ்திரி சின்னையனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "எலி செத்துக் கெடந்துச்சி, அதான் இருமல்னு சொல்லிடு மச்சான். இல்லாங்காட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

"உள்ள எலியே இல்லியே அண்ணாத்த. செத்த எலிக்கு நான் எங்க போவேன்?"

பிரஷை மேஸ்திரி கையில் கொடுத்தான் சின்னையன். கொல்லைப்புறம் பக்கம் திரும்பவே இல்லை. குழாயிலிருந்து கொட்டிய கரி அப்பிய காலோடு, வெள்ளைச் சலவைக்கல் கூடத்தில் நிதானமாக அடிமேல் அடி வைத்து, முன்வாசல் வழியாக வெளியே நடந்தான்.