செருப்பைக் கழற்றிவிட்டுப் போ

எங்கள் தெருவில் என்னைச் சுத்தக்காரி என்பார்கள். பாராட்டாகச் சொல்வதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் கொடுத்த செம்பை ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பேன் என்பது அவர்கள் புகார். உண்மைதான், பார்ப்பேன். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். தலைமுடியெல்லாம் பஞ்சோடு மில் பஸ்ஸை விட்டு இறங்கினால், வாசல் தொட்டியில் கைகால் கழுவாமல் என் வீட்டுக்குள்ளேயே நான் நுழைய மாட்டேன். என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர்கள். கூலி வாங்கப் போனால் அவர்களை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் வீட்டு வாசலைப் பார்த்து ஒருத்தரும் அழுக்கு என்று சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அந்த வீம்பில் வீட்டுக்குள் நான் போட்ட சட்டங்கள் நிறைய. அதில் பெரிய சட்டம் செருப்பைப் பற்றியது.

எங்கள் ஊரில் வெளிக்குப் போவதென்றால் கம்மாய்க்கரைக் கருவேலங்காடுதான். வீட்டுக்குப் பின்னால் அரசாங்கப் பணத்தில் கட்டிய கக்கூஸ் இருக்கிறது, தரையெல்லாம் ஓடு பதித்தது. ஆனால் பூட்டி வைத்திருந்தோம். மதுரையிலிருந்து நாத்தனார் வந்தால் மட்டும் திறப்போம். தினமும் புழங்கினால் குழி நிறைந்துவிடும், நிறைந்தால் யார் அள்ளுவது என்ற பயம். ஊற்றுகிற தண்ணீருக்கும் எங்கே போவது? குடிக்கிற தண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊர் இது.

அதனால் எல்லாரும் காட்டுக்குத்தான் போனோம். அங்கே போகும்போது செருப்பு போடக் கூடாது என்பது என் சட்டம். காலைத் தேய்த்துக் கழுவிவிடலாம், செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வருவதை என்ன செய்வது? அதே செருப்புதானே திரும்ப என் வாசலில் வந்து கிடக்கும்? என் மகள் தனியாகக் காட்டுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து, "செருப்பக் கழத்திட்டுப் போ" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். மற்ற பிள்ளைகள் செருப்பைப் பட்பட்டென்று அடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பேன். என்ன வளர்த்திருக்காளுகளோ என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் மழை பெய்து கம்மாய்க்கரை ஈரமாகக் கிடந்த நாட்களில் மகளுக்குக் கால் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. ராவெல்லாம் சொறிந்தாள். சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சளை அரைத்துப் பூசினேன். "கால ஒழுங்காக் கழுவுனா ஏன் வருது?" என்று திட்டவும் செய்தேன். அரிப்பு தானாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் மெல்ல மெல்லப் பிள்ளை வெளுத்தாள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பக்கத்து வீட்டு மதினி, "வயசுக்கு வரப் போறா போல, கலரு கூடிட்டாளே ஒம் மக" என்றார்கள். நான் சிரித்துக்கொண்டே சுற்றிப் போட்டேன். ரத்தம் வற்றுவதைப் பார்த்துத் திருஷ்டி கழித்தவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள் வந்தது. காலையிலேயே நேராகப் போய் டீச்சரிடம், "எம் பொண்ணுக்கு வேணாம் டீச்சர். நாங்க அப்படிப் புழங்குற ஆளுக இல்ல" என்றேன். அவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. வயிற்றில் பூச்சி என்று யாராவது சொன்னால், என் அம்மாவை வாசலில் நிறுத்தியது மாதிரி எனக்குச் சுருக்கென்று இருக்கும். என் ரோஷத்துக்காக என் மகள் வாய்க்குப் போக வேண்டிய மாத்திரையை நான் தட்டிவிட்டேன்.

பச்சரிசி தின்கிறாள் என்று கண்டுபிடித்தது அதற்குப் பின்னால். மூட்டையில் கைவிட்டு அள்ளி, பாவாடை மடியில் கட்டிக்கொண்டு நறநறவென்று மென்றாள். அரிசி தின்றால் ரத்தம் சுண்டிப்போகும், பூச்சி வைக்கும் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். அடித்தேன். மூட்டையைப் பரணில் ஏற்றினேன். அப்புறம் சுவர் மண்ணைச் சுரண்டினாள். அதற்கும் அடித்தேன். அவள் அழக்கூடத் தெம்பில்லாமல் நின்றதை அழுத்தம் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் ஒன்று வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்தாள். மில்லுக்குப் போன் வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமும் மலமும் சோதித்தார்கள். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள்.

"கொக்கிப்புழும்மா. குடல்ல கடிச்சுத் தொங்கிக்கிட்டு ரத்தத்த உறிஞ்சுது."

"பச்சரிசி தின்னுக்கிட்டே இருந்தா டாக்டர். அதான் வந்திருக்கும்."

"மாத்திச் சொல்றீங்க. ஒடம்புல ரத்தம் கொறஞ்சதாலதான் பிள்ள அரிசியத் தேடியிருக்கா."

அவள் முதுகில் நான் வைத்த அடியெல்லாம் அந்த இடத்தில் என்மேல் திரும்பி விழுந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "எப்படி உள்ள போகும் டாக்டர்? எங்க வீட்டுல எல்லாத்தையும் கழுவித்தான் திம்போம்."

"இது வாய் வழியா வர்றது கம்மி. வெளிக்குப் போற எடத்து மண்ணுல இருக்கும். வெறுங்கால்ல மிதிச்சா தோலத் துளைச்சு ஏறிரும். மொதல்ல விரலிடுக்கு அரிக்கும்." டாக்டரம்மா குனிந்து, கட்டிலுக்கு அடியில் ஜோடியாகக் கிடந்த செருப்பைப் பார்த்தார். புத்தம் புதுசு மாதிரி இருந்தது. "செருப்பு இருக்கே பாப்பா. காட்டுக்குப் போறப்ப போட்டுக்கிட்டுப் போறதில்லையா?"

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "மறந்துருவேன் டாக்டர்" என்றாள்.

அவள் ஒருநாளும் மறந்ததில்லை. நான் சொன்னதை ஒருநாளும் மீறாத பிள்ளை. அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்க வேண்டும். நான் சொன்னது இது: "சொன்னா எங்க டாக்டர் கேக்குறா?"

டாக்டரம்மா அவள் கன்னத்தைத் தட்டி, "அம்மா சொன்னா கேக்கணும்" என்றார். மகள் தலையாட்டினாள். யாரோ கொடுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தேன். சொல்லவில்லை. கூசியது. பெற்ற பிள்ளை முன்னால் அப்படிக் கூசிப்போய் நான் உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே பின்பக்கம் போய் கக்கூஸ் பூட்டைத் திறந்தேன். என் வீட்டுக்காரர், "குழி நெறஞ்சுரும் புள்ள" என்றார். "நெறையட்டும், நானே அள்ளுறேன்" என்று கத்தினேன். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

சுவரைப் பிடித்தபடி மெதுவாக வந்தாள். கதவுக்கு முன்னால் நின்று, பழக்கத்தில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"போட்டுக்கிட்டே போ பாப்பா."

"அழுக்காயிரும்லம்மா?"

"ஆகட்டும்."

நான் குனிந்து செருப்பை அவள் காலடியில் எடுத்து வைத்தேன். அவள் உடனே போட்டுக்கொள்ளவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பைப் பார்த்தாள். அப்புறம், ஆஸ்பத்திரியில் பேசிய அதே அடங்கின குரலில் கேட்டாள்.

"யாராச்சும் கேட்டா, நீதான் போடச் சொன்னன்னு சொல்லலாமாம்மா?"