நின்றால் நல்லது

பசுமலையைத் தாண்டிய பிறகுதான் எந்தப் பக்கம் நடக்கிறேன் என்று கவனித்தேன். திருநகரில் நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து கிளம்பியவன் திருமங்கலம் பக்கம் போயிருக்கலாம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. ஆனால் கால் மதுரைக்குள் போய்க்கொண்டிருந்தது. பையில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு திருப்புளி.

இரண்டாயிரமாவது வருஷத்துக்கு முன்பின் இருக்கும். அந்தப் பட்டறையில் விசைத்தறிக்கான எலக்ட்ரானிக் போர்டு செய்தார்கள். தறி ஓடும்போது பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஒரு நூல் அறுந்தால் போர்டு உடனே தறியை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் துணியில் நீளமாக ஒரு கோடு விழும். அந்தச் சேலையை யாரும் எடுக்க மாட்டார்கள்.

போர்டைச் சோதிப்பது என் வேலை. பட்டறையில் தறி கிடையாது, கம்ப்யூட்டர்தான் தறி. போர்டை வயரில் மாட்டினால் கம்ப்யூட்டர் தறி மாதிரியே சிக்னல் அனுப்பும். போர்டும் நிஜத் தறியில் இருப்பதாக நம்பிவிடும். பழைய சாஃப்ட்வேரில் தறி சும்மா ஓடும். போர்டு காரணமில்லாமல் நிறுத்தினால் சிவப்பில் ‘ஸ்டாப்’ என்று வரும், அதை ஒதுக்க வேண்டும். நிறுத்தாதது நல்ல பெட்டிக்குப் போகும். நூல் அறுந்தால் நிற்கிறதா என்பதை முதலாளியே கடைசியில் இரண்டு கம்பியை ஒன்றோடொன்று தொடவைத்துப் பார்த்துக்கொள்வார். எட்டாவதைப் பாதியில் விட்ட எனக்கும் இது பிடிபட்டது.

பிறகு புது சாஃப்ட்வேர் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்து ஏற்றினார். தறியின் வேகத்தை அதுவே கூட்டும், குறைக்கும். கரண்ட் இறங்கினால் என்ன ஆகும் என்று பார்க்கும். நடப்பதையெல்லாம் நடக்க நடக்கத் திரையில் கோடாக வரையும். முக்கியமாக, நூலை அதுவே அறுக்கும். எப்போது அறுக்கும் என்று சொல்லாது. போர்டு எத்தனை மில்லி செகண்டில் நிறுத்தியது என்று எழுதும். இவ்வளவையும் அவர் முக்கால்வாசி இங்கிலீஷில் அரைநாள் சொன்னார். நான் தலையாட்டினேன். முதலாளி அன்றோடு கம்பியைத் தொடவைப்பதை விட்டார்.

புதிதிலும் ‘ஸ்டாப்’ வந்தது, பச்சையில். நிறத்தை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து ஒதுக்கினேன். சில போர்டுக்கு மட்டும் தறி நிற்காமல் ஓடி, மூலையில் ‘டைம் அவுட்’ என்று வந்தது. நேரம் முடிந்தது, சோதனையும் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு அவற்றை நல்ல பெட்டியில் வைத்தேன். அறுபதில் நான்குதான் தேறின. முதலாளி உதிரி சாமான் விற்றவரை போனில் பிடித்துத் திட்டினார். அந்த நான்கும் செல்லூரில் ஒரு தறிக்கூடத்துக்குப் போயின.

நான் கிளம்பிய அன்று காலை இஞ்சினியர் மறுபடி வந்து ஒதுக்கின பெட்டியைக் கிளறினார்.

“ஏனுங்க, இதெல்லாம் நல்ல போர்டுங்க.”

“நின்னுபோச்சே சார்” என்றேன்.

“நிக்கத்தானுங்க வேணும்.”

முதலாளி மெதுவாகக் கேட்டார். “அப்ப செல்லூருக்குப் போன நாலு?”

“அது எப்பவும் நிக்காதுங்க.”

இஞ்சினியர் டீக்குப் போனதும் முதலாளி என்னிடம் வந்தார். “அவங்களா போன் பண்ணட்டும், பாத்துக்குவோம். நீ வாயத் தொறக்காத.”

“அதுக்குள்ள சேலை பாழாப் போகுமேண்ணே.”

“ஒனக்குச் சேலை முக்கியமா, வேலை முக்கியமா?”

பையை எடுத்தேன். கோபத்தில் எடுத்தேனா பயத்திலா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆரப்பாளையத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, தண்ணீர் இல்லாத வைகையில் இறங்கிக் குறுக்கே நடந்து செல்லூரில் ஏறினேன். தறிக்கூடத்தில் நான்கு தறி. ஒரே ஆள் நான்கையும் ஓட்டிக்கொண்டிருந்தார். போர்டு பார்த்துக்கொள்ளும் என்று கூட இருந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். அவர் மனைவி ஓரமாக உட்கார்ந்து குழலில் நூலேற்றித் தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

“போர்டுப் பட்டறையில இருந்து வாரேண்ணே. நூல் ஒண்ண அறுத்துப் பாக்கணும்” என்று கத்தினேன்.

“எந்த நூல?”

“ஓடுற தறியில.”

“வெளாடுறியா மாப்ள? அறுந்தத முடிஞ்சு முடிஞ்சே இடுப்பு ஒடியுது. நல்ல நூல அறுக்கணுமாம்.”

“கம்ப்யூட்டர்ல ஆயிரம் தடவ அறுத்தேண்ணே.”

“கம்ப்யூட்டர்ல பாவு யாரு பெணைச்சது?”

சௌராஷ்டிர மொழியில் மனைவியிடம் ஏதோ சொன்னார், அந்த அம்மா சிரித்தார். இஞ்சினியரின் இங்கிலீஷைப் போல அதுவும் எனக்குப் புரியவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். இருவரும் சிரிப்பதை நிறுத்தினார்கள். அந்த அம்மாவே கத்தரியோடு எழுந்து, முதல் தறியின் ஓரத்து நூல் ஒன்றை வெட்டினார். ஒவ்வொரு நூலிலும் ஒரு தகடு தொங்கும், வெட்டிய நூலின் தகடு விழுந்தது. தறி நிற்காமல் ஓடியது. தறிக்காரர் பாய்ந்து சுவிட்சை அடித்தார். மற்ற மூன்றும் அப்படித்தான். மூன்றாவது தறியில் சுற்றியிருந்த துணியை விரித்தபோது, இரண்டு முழத்துக்குக் கோடு விழுந்திருந்தது. அந்த அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“வேற போர்டு வர எம்புட்டு நாளாகும்?” என்றார் தறிக்காரர்.

“தெரியலண்ணே. நான் இப்ப அங்க இல்ல.”

“பெறகு எதுக்கு வந்த?”

அந்த அம்மா அவரிடம் ஏதோ சொன்னார்.

“காலையில ஆறு மணிக்கு வாரியான்னு கேக்குறா.”

“என்ன வேலைக்கு?”

“போர்டு வேலைக்கு.”

பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் என்னை நாலு தறிக்கும் நடுவில் நிறுத்தினார்கள். தகடு விழுந்தால் சுவிட்சை அடிக்க வேண்டும், வேறொன்றும் இல்லை. அரை மணி நேரம் கழித்து இரண்டாவது தறியில் ஒரு தகடு விழுந்தது. அடித்தேன்.

“நின்னுருச்சு” என்றார் தறிக்காரர்.

நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தேன்.